நடுநிலை வாக்காளரிடம் பேசக் கற்றுத்தரும் ஆறு வார இணைய வகுப்பு: என் மதிப்பீடு

தேர்தல் பரப்புரையின் மொழியைக் கற்பிக்கும் ஆறு வார இணைய வகுப்பு ஒன்றில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்து, அண்மையில் முடித்தேன். எனக்குக் கட்சிச் சார்பு கிடையாது; மொழிபெயர்ப்பே தொழில் என்பதால், ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் படிப்பவர் மனம் எப்படித் திரும்புகிறது என்பதை அறியும் ஆவலில்தான் சேர்ந்தேன்.

முதல் வாரம் வெறும் அறிமுகம், தவறவிட்டாலும் நட்டமில்லை. இரண்டாம் வாரத்திலிருந்துதான் பாடம் சூடு பிடிக்கிறது. அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் பொதுச் சமூக ஆய்வில், 'வெல்ஃபேர்' (அரசு நலவுதவி) திட்டத்துக்கு அரசு செலவிடுவது போதுமா என்று கேட்டால் போதவில்லை என்பவர்கள் குறைவு. 'ஏழைகளுக்கான உதவி' என்று கேட்டால் போதவில்லை என்பவர்களே பெரும்பான்மை. அடுத்து வந்தது 'எஸ்டேட் வரி', அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான அமெரிக்க வரி. 2001இல் 6,75,000 டாலருக்கு மேல் சொத்து விட்டுச் சென்றவர்களை மட்டுமே தொட்ட அந்த வரியை, பிராங்க் லன்ட்ஸ் போன்ற குடியரசுக் கட்சி ஆலோசகர்கள் 'மரண வரி' என்று விடாமல் சொன்னதால், அதைக் கட்டவே வாய்ப்பில்லாத நடுத்தரக் குடும்பங்களும் எதிர்க்கத் தொடங்கின. நடுநிலையாளர் என்பவர் இரு கட்சிகளுக்கும் நடுவே நிற்பவர் அல்லர், ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு மதிப்பீடுகளை ஒருசேர மனத்தில் வைத்திருப்பவர், காதில் விழும் சொல்தான் அவற்றுள் ஒன்றைத் தட்டி எழுப்புகிறது என்று ஆசிரியர் விளக்கியது, கட்டிய பணத்தில் பாதிக்கு ஈடு.

மீதிப் பாதிக்கு ஈடு வீட்டுப்பாடத் திருத்தம். ஓர் ஊர் நூலகத்துக்காகச் சிறு வரி விதிக்கும் வாக்கெடுப்புக்கு ஆதரவு கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். 'இதனால் வரிச்சுமை பெரிதாக ஏறிவிடாது' என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்த தாளில் 'சுமை' என்ற சொல் மட்டும் வட்டமிடப்பட்டிருந்தது. இல்லை என்று சொல்வதற்காகவே அதை வாசகர் தோளில் ஏற்றி வைத்துவிட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு குறிப்பு. இத்தனை ஆண்டு எழுதியும் எனக்குப் படாத பிழை அது.

நான்காம் வாரத்தில்தான் எனக்கு மனத்தாங்கல் ஏற்பட்டது. அமெரிக்காவின் மெய்ன் மாநில வாக்காளர்கள் 2009இல் தன்பாலினத் திருமணச் சட்டத்தை ரத்து செய்தார்கள். 2012இல் அதே மாநிலத்தவர் அதற்கு ஒப்புதல் அளித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அச்சட்டத்தை ஆதரித்த இயக்கத்தினர் 'உரிமை', 'சலுகை' என்ற பேச்சைக் குறைத்துக்கொண்டு, 'அன்பு', 'வாழ்நாள் உறுதிப்பாடு' என்று பேசத் தொடங்கினர். உரிமை என்ற பேச்சு, இவர்கள் நம்மைப் போல அன்புக்காகத் திருமணம் செய்பவர்கள் அல்லர் போலும் என்ற எண்ணத்தையே தயங்கி நின்றவர்களிடம் வளர்த்திருந்தது. அருமையான எடுத்துக்காட்டுதான். ஆனால் தொண்டர்கள் வீடு வீடாக ஏறி நெடுநேரம் உரையாடியதும், 2012 மே மாதத்தில் ஒபாமாவே ஆதரவு தெரிவித்ததும் பாடத்தில் இடம்பெறவில்லை. சொல்லை மாற்றினார்கள், வென்றார்கள் என்று கதை முடிந்துவிடுகிறது.

இதைக் கடைசி நேரலையில் கேட்டேன். பிரிட்டனில் தாட்சர் அரசு 1990இல் இங்கிலாந்தில் கொண்டுவந்த வரிக்குச் 'சமூகக் கட்டணம்' என்று மென்மையாகப் பெயர் வைத்தும், மக்கள் வாயில் அது தலைவரியாகவே நிலைத்ததே, அங்கே ஏன் சொல் எடுபடவில்லை என்றேன். கட்டணச் சீட்டு நேராக ஒவ்வொருவர் கைக்கும் வந்துவிட்ட பிறகு பெயர் எவ்வளவு அழகாக இருந்தால் என்ன என்பது என் எண்ணம். ஆசிரியர் நல்ல கேள்வி என்றார். நேரம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்.

எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவோடு நின்றுவிடுவது இன்னொரு குறை. 'இலவசம்' இங்கே 'விலையில்லா' ஆன கதையைச் சொன்னால் ஆசிரியரே குறிப்பெடுத்துக்கொள்வார்.

ஞாயிறு இரவு நேரலைகளில் ஒலி அடிக்கடி அறுந்தது. பதிவுகளை 90 நாள்களுக்கு மட்டுமே பார்க்க முடியும், தரவிறக்க வழியில்லை. விளம்பரம் எழுதுவோர், உள்ளூர்க் கோரிக்கைகளுக்கு ஆதரவு திரட்டுவோர் ஆகியோர் தாராளமாகச் சேரலாம். அரசியல் அறிவியல் படித்தவர்கள், திருத்தத்தோடு கூடிய வீட்டுப்பாடங்களை மட்டும் தனியே தருவார்களா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது.