நாலு வருஷமா ஒரே கேமிங் ஹெட்செட், நம்ம ஊர் வேர்வைல

போன வாரம் அக்கா பையன் போன் பண்ணி "மாமா, வேலரன்ட் ஆட ஒரு ஹெட்செட் வேணும், ஆறாயிரம் வரைக்கும் அம்மா ஓகே சொல்லிட்டாங்க, எதை வாங்கட்டும்"னு கேட்டான். அஞ்சு நிமிஷத்துல போன்ல சொல்லி முடிக்கிற விஷயமா இது, நான் காசைத் தொலைச்சு காதையும் கொஞ்சம் கெடுத்துக்கிட்டுதான் இதைக் கத்துக்கிட்டேன், அதனால உட்கார்ந்து முழுசா எழுதிடுறேன், அவனுக்கும் ஆகும் மத்தவங்களுக்கும் ஆகும்.

மொதல்ல என் நிலவரம். தூத்துக்குடில மாடி ரூம், ஏசி கிடையாது, சீலிங் ஃபேன் எப்பவும் அஞ்சுலதான் ஓடும், கண்ணாடி போடுறவன். நைட்டு பத்து மணிக்கு மேலதான் ஆட்டம், வார நாள்ல ரெண்டு மணி நேரம், சனிக்கிழமைன்னா நாலு மணி நேரம் கூட போயிடும். வேலரன்ட், சிஎஸ் 2, அப்பப்ப போன்ல பிஜிஎம்ஐ, எல்லாமே துப்பாக்கிச் சண்டை கேம், எதிரி எந்தப் பக்கம் வர்றான்னு காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஆடணும். இதெல்லாம் ஏன் சொல்றேன்னா ஹெட்செட்டை ஏசி ரூம்ல ரெண்டு நாள் போட்டுப் பார்த்துட்டு சொல்ற ரிவ்யூவை நம்பித்தான் நான் மொத தடவை ஏமாந்தேன்.

அந்த மொத ஹெட்செட் 1,800 ரூபாய், கம்பெனி பேர் வேணாம், லைட்டெல்லாம் எரியும், டப்பா மேல 7.1னு, அதாவது சுத்தி எட்டு ஸ்பீக்கர் வெச்ச மாதிரி கேக்கும்னு, கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. எட்டே மாசத்துல காது கப்பைப் பிடிச்சுட்டிருக்கிற பிளாஸ்டிக் விரிசல் விட்டு கையோட வந்துருச்சு, வாரன்டில கேட்டா உடைஞ்சதுக்கு கிடையாதுன்னுட்டாங்க. அதுல இருந்து நான் எந்த ஹெட்செட்டைக் கையில எடுத்தாலும் மொதல்ல பார்க்குறது அந்த இணைப்பு மெட்டலா பிளாஸ்டிக்கானுதான், சவுண்டெல்லாம் அப்புறம்.

இந்த 7.1 விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இதை நம்பித்தான் நிறைய பேர் காசு கொடுக்குறாங்க. பெரும்பாலான ஹெட்செட்ல காதுக்கு ஒண்ணா மொத்தம் ரெண்டு டிரைவர், அதாவது குட்டி ஸ்பீக்கர்தான் இருக்கு. நமக்கு இருக்குறதும் ரெண்டு காதுதான். இடது பக்கம் ஒருத்தன் நடந்தா அந்த சத்தம் இடது காதுக்கு மொதல்ல வரும், வலது காதுக்குப் போக அதிகபட்சம் 0.6, 0.7 மில்லிசெகண்ட் லேட்டாகும், அந்த துளி வித்தியாசத்தை வெச்சே மூளை திசையைக் கண்டுபிடிச்சுடும். முன்னாடியா பின்னாடியா, மேலயா கீழயாங்கிறதை காது மடல் சத்தத்தை எப்படி மாத்துதுன்னு வெச்சுக் கண்டுபிடிக்குது. இந்தக் கணக்கைத்தான் எச்ஆர்டிஎஃப்னு சொல்றாங்க. வேலரன்ட் ஆடியோ செட்டிங்ஸ்ல அதுக்குத் தனியா ஆப்ஷனே இருக்கு, சிஎஸ் 2ல கேமே அதைப் பார்த்துக்குது. ஆக கேம் ஏற்கனவே கணக்குப் போட்டு அனுப்புற சத்தத்து மேல ஹெட்செட்டோட 7.1 பட்டனையும் அமுக்குனா ரெண்டு தடவை கலக்கி காலடிச் சத்தம் பாத்ரூமுக்குள்ள நடக்குற மாதிரி கேக்கும், பக்கத்துல வர்றானா தூரத்துல போறானான்னே தெரியாது. நான் ஒரு வருஷம் ரெண்டையும் ஆன்ல வெச்சு ஆடிட்டு இருந்தேன். ஆஃப் பண்ணி வெறும் ஸ்டீரியோல வெச்ச அன்னைக்கே கேம் மேப்ல ஏ சைட்னு ஒரு இடம், அங்க எதிரி படி ஏறுறது தனியா கேட்டுச்சு. பழைய கதை கேம்ல வேணா 7.1 போட்டுக்கலாம், அங்க நல்லாவே இருக்கும்.

அடுத்து ஓப்பன் பேக், அதாவது காது கப்போட பின்பக்கம் திறந்திருக்கிற ஹெட்போன். கேமிங்னா ஓப்பன் பேக்தான் வாங்கணும்னு எல்லாரும் சொன்னாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன்கிட்ட சென்ஹைசர் எச்டி 560எஸ் இருந்துச்சு, ரெண்டு வாரம் வாங்கி வெச்சு ஆடினேன். அந்த சவுண்டை இன்னும் மறக்கல, சத்தம் தலைக்குள்ள இல்லாம ரூமுக்குள்ள சுத்தி இருக்குற மாதிரி, காதுல காத்தோட்டம், வேர்வையும் கம்மி, வெயிட்டும் கம்மி. ஆனா கப் திறந்திருக்கிறதால வெளிச் சத்தம் அப்படியே உள்ள வரும், உள்ள இருக்குற சத்தம் வெளிய போகும். அமைதியான ரூம்ல அதுதான் அதோட அழகே. என் ரூம்ல ஃபேன் சத்தத்தைத் தாண்டிக் காலடி கேக்கணும்னு என்னை அறியாமலே வால்யூமை ஏத்திட்டே போனேன். ரெண்டாவது சனிக்கிழமை நைட்டு கழட்டி வெச்சுட்டுப் படுத்தா வலது காதுல கொய்ங்ங்னு ஒரே ரீங்காரம், மறுநாளும் நிக்கல, பயந்து போய் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட ஓடினேன். டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு நிரந்தரமா ஒண்ணும் ஆகல, சத்தத்தைக் குறைன்னாரு. மூணாவது நாள் நின்னுச்சு.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம்னு சொல்லுது, அதுவே 90ன்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பத்துதானே கூடியிருக்குன்னு நினைக்கத் தோணும், ஆனா மூணு டெசிபல் ஏறினாலே கேக்குற நேரத்தைப் பாதியாக் குறைக்கணும், அதனாலதான் இவ்வளவு இறங்குது. என் சனிக்கிழமை ஆட்டம் ஒண்ணே அந்த 4 மணி நேரத்தை முடிச்சுடும். தம்பி, நீ வேற எதை விட்டாலும் இதை மட்டும் விட்டுடாத.

அதனால கப் மூடியிருக்கிற க்ளோஸ்டு பேக்குக்கே திரும்பினேன், 2021ல ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2 வாங்கினேன், இன்னிக்கும் அதுதான். அலுமினிய ஃப்ரேம், 53 எம்எம் டிரைவர், கழட்டுற மைக், வயர்ல ஒரு யுஎஸ்பி சவுண்ட் பாக்ஸ். வாங்கினதுக்கு முக்கியக் காரணம் டப்பாக்குள்ள லெதர் மாதிரி (லெதரெட்) ஒரு செட் காது பேட் போக, வெல்வெட் மாதிரித் துணில இன்னொரு செட்டும் இருந்துச்சு. லெதரெட்ல சவுண்ட் கெட்டியா இருக்கும், பேஸ் நல்லா இறங்கும், ஃபேன் சத்தம் நல்லா அடைபடும், ஆனா ஏப்ரல் மே மாசத்துல அரை மணி நேரத்துல காது நனைஞ்சுடும். துணி பேட்ல பேஸ் கொஞ்சம் குறையும், வெளிச் சத்தமும் லேசா உள்ள வரும், ஆனா மூணு மணி நேரம் போட்டாலும் எரிச்சல் இல்ல, கண்ணாடிக் காம்பு மேலயும் அழுத்தாது. வெயில் காலத்துல துணி, ஐப்பசி கார்த்திகைல லெதரெட்னு மாத்தி மாத்திப் போடுறேன். எந்தக் கம்பெனியா இருந்தாலும் லெதரெட் உப்புக் காத்துலயும் வேர்வைலயும் உரியத்தான் செய்யும், அதனால பேட் தனியா கழட்ட முடியுமா, வெளிய கிடைக்குமான்னு பார்த்துட்டு வாங்குங்க. நான் வெளிய வாங்கின செட் 500 ரூபாய்க்குள்ளதான் ஆச்சு.

புதுசுல தலையை இறுக்கிப் பிடிக்கும், கண்ணாடி போட்டவங்களுக்கு ஒரு மணி நேரத்துல பொட்டுல வலி எடுக்கும். நாலு நைட்டு சிபியு கேபினட் மேல மாட்டி வெச்சேன், தளர்ந்துருச்சு. பிளாஸ்டிக் ஃப்ரேம்ல இதைச் செய்யாதீங்க, உடைஞ்சுடும்.

மைக் பத்தி ரெண்டு விஷயம். டெஸ்க்டாப்ல பச்சை, பிங்க்னு ரெண்டு ஓட்டை இருக்கும், ஹெட்செட்ல ஒரே பின்தான் இருக்கும், பச்சைல குத்தினா சத்தம் வரும் மைக் வராது, மைக் போச்சுன்னு நினைச்சு ரிட்டர்ன் போடாதீங்க, ஒய் மாதிரிப் பிரியுற ஸ்ப்ளிட்டர் வாங்கினா போதும். கேபினட் முன்பக்க ஜாக்ல ஞ்ஞ்னு ஒரு இரைச்சல் எனக்கு வந்துட்டே இருந்துச்சு, யுஎஸ்பி பாக்ஸுக்கு மாறினதும் போச்சு. மைக்கை வாய்க்கு நேரா வெக்காம ஓரமா ரெண்டு விரல் தள்ளி வெச்சு, டிஸ்கார்ட்ல (ஆடும்போது பேசிக்கிற ஆப்) கிரிஸ்ப்னு இருக்கிற இரைச்சல் குறைக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணினா ஃபேன் காத்து மத்தவங்களுக்குக் கேக்காது.

புளூடூத் வேணாமான்னா, பாட்டுக்கு ஓகே, கேமுக்கு வேணாம். சாதா புளூடூத்ல சத்தம் 150, 200 மில்லிசெகண்ட் லேட்டா வரும், பிஜிஎம்ஐல சுட்டவன் மறைஞ்ச பிறகுதான் சத்தம் கேக்கும். அதோட மைக்கை ஆன் பண்ணினதுமே போன் கால் மோடுக்குப் போயி மோனோ ஆயிடும், ரெண்டு காதுலயும் ஒரே சத்தம்தான், திசையே தெரியாது. வயர்லெஸ்தான் வேணும்னா யுஎஸ்பில குத்துற குட்டி டாங்கிள் கூட வர்ற 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வாங்குங்க. நான் வயர்லயே இருக்கேன், சார்ஜ் போடுற வேலை இல்ல, ஆனா சேர் சக்கரம் ரெண்டு தடவை வயர் மேல ஏறிடுச்சு, இப்ப டேபிளுக்கு அடியில டேக் போட்டுக் கட்டிட்டேன்.

அக்கா பையனும் கண்ணாடிதான். அதனால எந்த மாடல் பேரையும் அவனுக்குச் சொல்லல, ஞாயித்துக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போறேன், கண்ணாடியோட இருபது நிமிஷம் போட்டு உட்காருடா, வலிக்கலன்னா அதை எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்கேன். அப்படியே எனக்கும் ஒரு செட் துணி பேட் வாங்கணும், இதுல இடது பக்கம் தையல் விட ஆரம்பிச்சுருச்சு.