ஷேல் பாறையும் மடகாஸ்கரும்: எட்டு வருடப் பயன்பாடு

நில அதிர்வுத் தரவிலிருந்து பூமிக்குள் இருக்கும் பாறை அடுக்குகளைப் படமாக்குவது என் வேலை. எட்டு வருடமாக அதற்கு நான் தினமும் திறப்பது மடகாஸ்கர். புவி இயற்பியலாளர் செர்கெய் ஃபோமெல் தொடங்கி 2006இல் பொதுவில் வெளியான திறந்த மூல மென்பொருள் இது. காசு கிடையாது, லினக்ஸில் நன்றாக ஓடும்.

நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஷேல். அந்தப் பாறையில் களித்துகள்கள் சீட்டுக்கட்டுபோலப் படுத்துக் கிடக்கும். நில அதிர்வு அலை அதில் பக்கவாட்டில் வேகமாகப் போகும், செங்குத்தாக மெதுவாகப் போகும். புவி இயற்பியலாளர் லியோன் தாம்சன் 1986இல் இந்த வேறுபாட்டை எப்சிலான், டெல்டா என்று சில எண்களில் அடக்கிக் காட்டினார். டெல்டா வெறும் 0.1 என்று வைத்துக்கொள்வோம். செங்குத்து வேகம் நொடிக்கு 3000 மீட்டர் என்றால், தரைமேல் பதிவான தரவு காட்டும் வேகம் சுமார் 3290. அதையே நம்பிப் படம் எடுத்தால், 2000 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அடுக்கு 2190 மீட்டரில் போய் உட்காரும். படம் பளிச்சென்றுதான் இருக்கும், ஆழம்தான் தப்பு. தரைமேல் பதிவான பி-அலைகளை (பாறையை அழுத்தித் தளர்த்திக்கொண்டே போகும் அலைகளை) மட்டும் வைத்து டெல்டாவைப் பிரித்தெடுக்கவும் முடியாது. கிணறு தோண்டிய இடத்தில் அந்த அடுக்கு எந்த ஆழத்தில் வந்தது என்று பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

அதனால் ஒரே தரவுக்கு நூறு படம் எடுக்க நேரும். டெல்டாவைக் கொஞ்சம் ஏற்று, எப்சிலானை இறக்கு, அடுக்குகளின் சாய்வுக்கோணத்தை மாற்று, மறுபடி ஓட்டு. மடகாஸ்கர் கைகொடுப்பது இங்கேதான். தரவிலிருந்து படம்வரை எல்லாப் படிகளும் எஸ்கான்ஸ்ட்ரக்ட் என்ற ஒரே கோப்பில் இருக்கும். டெல்டாவை மாற்றினால் அதைச் சார்ந்த படிகள் மட்டும் மறுபடி ஓடும். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தைக் காட்டி "இது எந்த டெல்டா?" என்று யாராவது கேட்டால், கோப்பைத் திறந்து ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவேன். இந்த வேலையில் எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

ஆரம்பத்தில் என்னைக் குழப்பியது ஒரு சாய்சதுரம். ஒரே சீரான ஷேல் மாதிரியின் நடுவில் ஒரு துடிப்பை வைத்து அலையை ஓடவிட்டேன். அலைமுகம் எதிர்பார்த்தபடியே பக்கவாட்டில் நீண்டு விரிந்தது. ஆனால் அதன் உள்ளே, நடுவில், சின்னதாக ஒரு சாய்சதுரம் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது. நிரலில் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். பிழை இல்லை. குறுக்கலையின் (பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் அலையின்) வேகத்தைச் சுழி என்று வைக்கும் எளிய சமன்பாடுகளில் பின்வாசல் வழியாக நுழையும் போலி அலை அது. எப்சிலானைவிட டெல்டா பெரிதாகிவிட்டால் கணக்கே வெடித்துவிடும். பிறகு அலையை வேறு வழியில் கணக்கிடும் லோரேங்க் முறை நிரலுக்கு மாறினேன். சாய்சதுரம் போய்விட்டது, கணக்கும் நிலையாக நிற்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஃபூரியே உருமாற்றம் (அலையைத் தனித்தனி அதிர்வுகளாகப் பிரிக்கும் கணக்கு) பல தடவை வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். அந்தப் படத்துக்காகக் காத்திருக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல நிரல்களில் ஒரு அளவுருவுக்கு ஒரு வரி விளக்கம்தான் கிடைக்கும், மீதிக்கு மூல நிரலைப் படிக்கத் தயாராக இருக்க வேண்டும். அப்புறம், மடகாஸ்கரின் தரவுக் கோப்பான ஆர்எஸ்எஃப்பில் இருப்பது தலைப்புத் தகவல் மட்டும், எண்கள் டேட்டாபாத் என்ற அமைப்பு காட்டும் வேறொரு இடத்தில் கிடக்கும். இடம் போதவில்லை என்று ஒருமுறை அந்த அடைவை அழித்துவிட்டேன். தலைப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. எஸ்கான்ஸ்ட்ரக்ட் இருந்ததால் மூன்று நாளில் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்க முடிந்தது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பொதுவில் கிடைக்கும் ஹெஸ் விடிஐ என்ற சோதனை மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள் (செங்குத்து வேகமும் பக்கவாட்டு வேகமும் வேறுபடும் பாறையைத்தான் விடிஐ என்பார்கள்). ஒரு பக்கம் உப்புப் பாறை, மறுபக்கம் செங்குத்தான பிளவு. முதலில் எப்சிலானையும் டெல்டாவையும் சுழியாக வைத்து ஒரு படம், பிறகு சரியான மதிப்புகளோடு ஒரு படம். இரண்டையும் மாற்றி மாற்றித் திரையில் போட்டு, அந்தப் பிளவை மட்டும் உற்றுப் பாருங்கள்.