வாயு மாறிலி: 0.0821-ஆ, 8.314-ஆ?

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (PV = nRT: அழுத்தம் × கனஅளவு = மோல் எண்ணிக்கை × வாயு மாறிலி × வெப்பநிலை) R என்ற வாயு மாறிலிக்கு எந்த மதிப்பைப் போடுவது என்பதைக் கணக்கில் தந்த அலகுகளே தீர்மானிக்கும். லிட்டரும் அட்மாஸ்பியரும் இருந்தால் 0.0821தான் சுருக்கவழி. 10 லிட்டர் கலனில், 27 டிகிரி செல்சியஸில் (300 கெல்வின்) 2 மோல் வாயுவின் அழுத்தம்: 2 × 0.0821 × 300 ÷ 10 = 4.93 அட்மாஸ்பியர்.

8.314 எடுத்தால் கனஅளவு கனமீட்டரில், அதாவது 0.010, விடை சுமார் 4.99 லட்சம் பாஸ்கல். லிட்டரை மாற்றாமல் 10 என்றே போட்டால் 499 வரும். அதைப் பாஸ்கல் என்று எழுதினால் தப்பு, கிலோபாஸ்கல் என்றால் சரி!

கெல்வினுக்கு மாற்ற மறந்தால் எந்த மாறிலியும் காப்பாற்றாது. இங்கே விடை பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.

மூலக்கூறுகளின் சராசரி இருமடி மூல வேகத்துக்கு (rms வேகம், √(3RT/M); M மோலார் நிறை) 8.314-ஐயே எடுங்கள். நைட்ரஜனின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 0.028 கிலோகிராம்; அதைக் கிராமில் 28 என்று போட்டால், 300 கெல்வினில் நொடிக்கு 517 மீட்டர் வரவேண்டிய இடத்தில் வெறும் 16 வரும்.