ரங்கூன் டீக்கடையும் கழிவறைக் கணக்கும்

சிங்கப்பூரில் 11 வருஷம் ஓட்டிவிட்டு டிசம்பரில் ஊருக்குப் போனேன். யாங்கோன் என்று பெயர் மாறிப் பல காலம் ஆகியும் எங்கள் வீட்டில் அது ரங்கூன்தான். இரண்டு வாரத்தில் நான் அதிகம் பார்த்தது ஷ்வேடகோன் புத்தர் கோயிலும் அல்ல, அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலும் அல்ல. கழிவறைகள்.

சர்க்கரை வந்து 9 வருஷம் ஆகிறது. ஊரில் காலை ஆறரைக்கே டீக்கடை. பையனைக் கூப்பிட இன்னமும் உதட்டைக் குவித்து முத்தமிடுகிற மாதிரி ஒரு சத்தம்தான். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிய டீயை உஷாராக ஒதுக்கிவிட்டு, சர்க்கரை போடாத கறுப்புக் காபி இரண்டு கப் குடிப்பேன். அப்புறம் மேசை பிளாஸ்கில் இருக்கும் வெறும் தேநீர். காசு கிடையாது, பேச்சு முடியும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். அதை நான் தண்ணீர்க் கணக்கில் வைத்திருந்தேன். அதுவும் தேயிலைதானே, கஃபீன் இருக்கும் என்று உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மார்க்கெட்டில் கழிவறை வாசலைத் தொடும் முன்பே கொஞ்சம் நனைந்துவிட்டது. கறுப்பு லுங்கி, மானம் தப்பியது.

அண்ணி ஒரு தனியார் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். பணம் கட்ட ஒரு கவுண்டர், ரசீது காட்ட இன்னொன்று. ஸ்கேனுக்காகத் தண்ணீர் குடித்து வயிறு முட்ட உட்கார்ந்திருக்கும்போது கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்கேன் எடுத்தவர் பொறுமைசாலி.

போய்விட்டு வந்த பிறகு மறுபடி ஸ்கேன். சிறுநீர்ப்பைக்குள் இன்னும் 180 மில்லி. 50க்குள் இருந்தால் நல்லதாம்.

டாக்டர் பர்மியத்தில் சொன்னதை அண்ணி தமிழில் சொன்னார்: "தம்பி, உன் பை முழுசா காலியாகலையாம்."

நாள்பட்ட சர்க்கரை நரம்பைக் கெடுத்தால் பை நிறைந்ததே சரியாகத் தெரியாது, சுருங்கும் வலுவும் குறையும். மிச்சம் தங்குவதால் தொற்றும் வரலாம். ஏற்கெனவே கால்வாசிக்கு மேல் நிறைந்த பை. அதன் தசையைக் கஃபீன் வேறு உசுப்பிவிடுகிறது. காபி பழகியவர்களுக்குச் சிறுநீர் அளவு பெரிதாகக் கூடாது, அவசரம்தான் கூடும். ரத்தச் சர்க்கரை 180 மி.கி.யைத் தாண்டினால் அது சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வரும், அது தனிக் கணக்கு. சர்க்கரை இல்லாத காபி என் சர்க்கரைக்குத்தான் நல்ல பிள்ளை, பைக்கு அல்ல.

நான் போடும் டாபாகிளிஃப்ளோசின் என்கிற சர்க்கரை மாத்திரையும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத்தான் தள்ளுமாம். நீயாக நிறுத்தாதே என்றார் டாக்டர். காபி காலையில் ஒன்று, மாலை 4க்கு மேல் காபி, டீ எதுவும் வேண்டாம். முட்டினாலும் முட்டாவிட்டாலும் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போனதும் சற்று நின்று மறுபடி முயல வேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் விழித்தேன், நான் அதைத்தான் முதலில் குறைத்திருந்தேன்.

கிளம்பும் முன் சுற்று ரயிலில் ஏறினோம். முழுச் சுற்று சுமார் 46 கி.மீ., ஏறக்குறைய 3 மணி நேரம். நான் இன்செயினிலேயே இறங்கிவிட்டேன். ஸ்டேஷனுக்கு எதிரே அண்ணி ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்திருந்தார். அவருக்கு டீ, எனக்குச் சுடுதண்ணீர்.