சுடுதண்ணீர் பை, டென்னிஸ் பந்து, பத்து நிமிடம்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஒரு பொருளை வாங்கிய முதல் வாரத்தில் எழுதப்படும் விமர்சனங்களில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள் மேசையில் இருக்கிறதா, அலமாரிக்குள் போய்விட்டதா என்பதுதான் எனக்கு முக்கியம். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை, வீட்டுக்கு வந்த பிறகு வீட்டு வேலை, நடுவில் கிடைப்பது ஐந்து பத்து நிமிடம். அந்த இடைவெளியில் உடம்பு அலுப்பைப் போக்க வாங்கியவற்றில் எது இன்னும் கையில் இருக்கிறது என்பதை எழுதுகிறேன்.

முதலிடம் சாதாரண ரப்பர் சுடுதண்ணீர் பைக்குத்தான். நூற்றாண்டுக்கும் பழைய பொருள் இது. இன்று கடையில் பார்க்கும் வடிவத்துக்கு நெருக்கமான ஒன்றுக்கு ஸ்லாவோல்யுப் பென்கலா என்பவர் 1903-ல் காப்புரிமை பெற்றார். குரோவேஷியாவில் வாழ்ந்த அவர் ஒரு வகை மெக்கானிக்கல் பென்சிலையும் உருவாக்கியவர். அதற்குப் பிறகு இந்தப் பையில் பெரிதாக மாற்ற எதுவும் இருக்கவில்லை. சார்ஜ் வேண்டாம், பட்டன் இல்லை, சத்தம் இல்லை.

நான் அதை இவ்வளவு நாள் விடாமல் பயன்படுத்த ஒரே காரணம், தோளில் போட்டுக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. பாத்திரம் துடைக்கலாம், மெயிலுக்குப் பதில் எழுதலாம், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கலாம். ஓய்வுக்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலையோடு ஒத்தடமும் நடந்துவிடுகிறது. சூடு பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகியிருந்த தசை கொஞ்சம் தளர்கிறது. பிடிப்புக்கான காரணத்தை அது சரிசெய்யாது. நாற்காலி உயரம் தவறாக இருந்தால் நாளைக்கும் அதே இடத்தில் வலிக்கும். ஆனால் இன்றைய இரவு நன்றாகப் போகும், எனக்கு அது பெரிய விஷயம்.

நிரப்புவதற்கு ஒரு முறை இருக்கிறது. கெட்டில் கொதித்து நின்றதும் அப்படியே ஊற்றக் கூடாது, சில நிமிடம் ஆற விட வேண்டும். கொதிநீர் ரப்பரைச் சீக்கிரம் கெடுத்துவிடும், கையில் சிந்தினால் கொப்புளம்தான். மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பி, பையை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீர் கழுத்து வரை ஏறும்படி மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருக வேண்டும். காற்று உள்ளே இருந்தால் பை பலூன் போல உப்பி, தோளில் உட்காராமல் உருண்டு விழும். காற்றில்லாத பை துவண்டு, கழுத்து வளைவில் அப்படியே படிகிறது.

பையின் கழுத்துக்குப் பக்கத்தில் பூ மாதிரி ஒரு சின்ன அச்சு இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? அது அலங்காரம் இல்லை, தயாரிப்பு தேதி. நடுவில் இருக்கும் எண் வருடம். சுற்றியுள்ள பன்னிரண்டு இதழ்களும் மாதங்கள். இதழ்களுக்குள் இருக்கும் புள்ளிகள் வாரங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே பையை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் பொதுவான அறிவுரை. பழைய பை வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், ஆனால் மடித்துப் பார்த்தால் கழுத்தோரத்தில் மயிரிழை விரிசல்கள் இருக்கும். நான் விரிசல் வரும் வரை காத்திருப்பதில்லை. ஒரே இடத்தில் தினமும் நீண்ட நேரம் சூடு வைப்பதும் வேண்டாம். தோலில் வலைப்பின்னல் போலச் சிவப்பும் பழுப்புமாகத் தடம் விழும். எரிதீமா அப் இக்னே என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. உறை போட்டு, பத்து பதினைந்து நிமிடம் போதும். தூங்கும்போது மேலே வைத்துக்கொள்ளவே கூடாது.

அடுத்தது டென்னிஸ் பந்து. விளையாடி ஓய்ந்த பழைய பந்துதான் இதற்கு நல்லது, புதுப் பந்து கொஞ்சம் விறைப்பாக இருக்கும். மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலின் வளைவில் வைத்து மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுவேன், ஒரு காலுக்கு ஓரிரு நிமிடம். எதிரே இருப்பவருக்குக்கூடத் தெரியாது. நாள் முழுக்க நின்று கால் கடுத்தவர்களுக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரிந்து இல்லை. முதுகுக்கு என்றால் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே பந்தை வைத்து, தோள்பட்டை எலும்புக்கு உட்புறமாக உள்ள சதையில் மட்டும் சாய்ந்து அழுத்த வேண்டும். முதுகெலும்பின் மேலேயே அழுத்தக் கூடாது. சுகமான வலி என்பதைத் தாண்டிக் கூர்மையாகக் குத்தினால் உடனே நிறுத்திவிடுங்கள். என் பந்தின் ஒரு பக்கத்தில் பஞ்சு முழுவதும் தேய்ந்து ரப்பர் தெரிகிறது, இன்னும் வேலை செய்கிறது.

கால்களை வெந்நீரில் வைப்பதைப் பற்றி எனக்கு இரண்டு மனது. பலன் நிச்சயம் இருக்கிறது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பழைய ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்ததில், படுப்பதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பு, 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் சூட்டில், பத்து நிமிடம் குளித்தாலோ கால்களை நனைத்தாலோகூடத் தூக்கம் சீக்கிரம் வருவதாகத் தெரிந்தது. வெந்நீரால் கை கால்களில் ரத்த ஓட்டம் கூடி, உடம்பின் உட்சூடு வெளியேறுகிறது. அந்த உட்சூடு இறங்குவதுதான் தூக்கத்துக்கான அழைப்பு. ஆனால் வேலை நாளில் வாளி எடுத்து, தண்ணீர் கலந்து, தரை நனைந்து, துடைத்து, வாளியைக் கழுவி வைப்பதற்குள் வந்த அமைதி போய்விடுகிறது. ஆகவே எனக்கு இது விடுமுறை நாளுக்கு மட்டும். மற்ற நாட்களில் அதே நேரத்துக்கு வெந்நீர்க் குளியலை நகர்த்திவிட்டேன், எப்படியும் குளிக்கத்தானே போகிறோம். எப்சம் உப்பும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதிலுள்ள மக்னீசியம் தோல் வழியாக உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எனக்கும் வெறும் வெந்நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. டப்பா தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை.

காசே செலவாகாதது மூச்சு. மூக்கால் ஆழமாக இழுத்து, அதன் மேலேயே இன்னொரு குட்டி மூச்சும் இழுத்து, வாய் வழியாக நீளமாக விட வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் இதைத் தினமும் ஐந்து நிமிடம் ஒரு மாதம் செய்ய வைத்துப் பார்த்த ஆய்வு 2023-ல் வெளியானது. தியானம் செய்தவர்களைவிட இப்படி மூச்சு விட்டவர்களுக்கு மனநிலை அதிகம் தேறியிருந்தது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று குறையும், அதனால்தான் விடும் மூச்சை நீட்டச் சொல்கிறார்கள். ஐந்து நிமிடம் தொடர்ந்து உட்கார எனக்கு வாய்ப்பதில்லை. லிப்டுக்குக் காத்திருக்கும்போது, கடினமான போன் அழைப்பை எடுப்பதற்கு முன், நான்கைந்து மூச்சு. அதுவே தோளைக் காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே இறக்கிவிடுகிறது. படுத்த பிறகு எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த தசைத் தளர்ச்சிப் பயிற்சி: பாதத்தில் தொடங்கி ஒவ்வொரு தசையாக இறுக்கி, அப்புறம் விடுவது. தாடை வரைக்கும் போக நேரம் எடுக்கும், பெரும்பாலும் இடுப்பைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறேன்.

இருப்பதிலேயே அதிக விலை கொடுத்தது மின்சாரக் கழுத்து மசாஜருக்கு. முதல் மாதம் வீட்டில் எல்லோரும் வரிசையில் நின்றோம். உருளைகள் சுழலும்போது உண்மையிலேயே சுகம். பிரச்சினை பிறகுதான் வந்தது. வேண்டும் என்று தோன்றும் நேரத்தில் சார்ஜ் இருக்காது. போட்டுக்கொண்டால் வேறு வேலை செய்ய முடியாது. உருளைகள் எல்லோர் கழுத்துக்கும் ஒரே உயரத்தில் உட்காராது, என் கழுத்தில் எலும்பைத்தான் தேய்த்தது. பேட்டரி தளர்ந்த பிறகு மாற்ற வழியில்லை என்று சேவை மையத்தில் கைவிரித்துவிட்டார்கள். உயரத்தை மாற்றிக்கொள்ளும் வசதியும், நேரடியாக மின் இணைப்பில் ஓடும் வசதியும் இருந்தால் ஒருவேளை வேறு முடிவு வந்திருக்கும். இப்போதைக்கு யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

சில எச்சரிக்கைகள் கட்டாயம். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெந்நீரும் பையும் காலுக்குப் பயன்படுத்த வேண்டாம், சூடு தெரியாமலே புண்ணாகிவிடும். புதிதாகச் சுளுக்கி வீங்கிய இடத்தில் முதல் இரண்டு நாள் சூடு கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் பந்தோ மசாஜோ வைக்காமல் மருத்துவரிடம் போங்கள், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

முதன்முதலாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பையையே வாங்குங்கள். வாய் அகலமாக இருக்கட்டும், ஊற்றும்போது சிந்தாது. கழற்றித் துவைக்கும் துணி உறை இருக்கட்டும். கடையிலேயே அந்தப் பூ அச்சைப் பார்த்து, கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த பை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூடியையும் திருகிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வாஷர் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், என் அனுபவத்தில் முதலில் கசியத் தொடங்குவது அங்கேதான்.