உப்புப் பூத்த சுவர்களும் ஸ்னாப்சீடும்: 12 வருடப் பழக்கம்

2013-இல் என் முதல் ஆண்ட்ராய்டு போனில் ஸ்னாப்சீட் என்ற படம் திருத்தும் ஆப்பை ஏற்றினேன். அதற்கப்புறம் போன் நான்கு மாறிவிட்டது, ஆப் அதேதான். நான் எடுப்பது பெரும்பாலும் பழசானவை: கடலூர் முதுநகரில் காரை பெயர்ந்த சுவர்கள், கரையில் ஏற்றிப் போட்ட மரப்படகுகள், துருவேறிய தாழ்ப்பாள்கள், புதுச்சேரியின் பழைய தமிழ்த் தெருக்களில் திண்ணைத் தூண்கள், வெயிலில் காய்ந்த முகங்கள். "இந்த மாதிரிப் படத்துக்கு எந்த ஆப் நல்லது?" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுக்கவில்லை என்றாலும், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

ஆப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2011-இல் ஐபேடுக்காகச் செய்தது. 2012-இல் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது, அந்த வருடக் கடைசியிலேயே ஆண்ட்ராய்டுக்கும் இலவசமாக வந்துவிட்டது. விளம்பரம் வராது, படத்தின் மூலையில் முத்திரை குத்தாது. 2015-இல் வந்த 2-ஆம் பதிப்புதான் என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய திருப்பம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் இழந்த ஒரு படம். புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடத்தை (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம்) 2013-இல் ஒரு மத்தியானம் எடுத்தேன். அப்போது எனக்கு விண்டேஜ் ஃபில்டர் மேல் அப்படி ஒரு மோகம். பழைய கட்டடம் என்றால் பழுப்பு நிறம், ஓரமெல்லாம் இருட்டு, நடுவில் மங்கல் வெளிச்சம். அப்படியே போட்டுச் சேமித்தேன். போனில் இடம் போதாமல் ஒரிஜினலை அழித்துவிட்டேன். 2014 நவம்பர் மழையில் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள், அது நல்ல காரியம். ஆனால் அந்தப் பழைய சுவர் என்ன நிறத்தில் இருந்தது, எங்கே ஈரம் ஏறியிருந்தது, எங்கே காரை வெடித்திருந்தது என்று என் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே பழுப்பு. நிஜமாகவே 140 வருடம் நின்று வயதான சுவரின் மேல் நான் ஒரு பொய் வயதைப் பூசிவிட்டேன். அன்றிலிருந்து ஒரிஜினலை அழிப்பதில்லை. விண்டேஜ், கிரஞ்ச், ரெட்ரோலக்ஸ் என்ற பழசாக்கும் ஃபில்டர்கள் மூன்றையும் பழைய பொருள்களின் மேல் போடுவதுமில்லை. புதுக் கட்டடத்துக்கு வேண்டுமானால் போட்டு விளையாடலாம்.

அடுத்த மோகம் ஸ்ட்ரக்சர். டீடெய்ல்ஸுக்குள் போனால் ஸ்ட்ரக்சர், ஷார்ப்பனிங் என்று இரண்டு இருக்கும். ஷார்ப்பனிங் விளிம்புகளை மட்டும் கூராக்கும். ஸ்ட்ரக்சர் அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டும். செங்கல், கயிறு, வலை, உளுத்த பலகை எதில் போட்டாலும் தொட்டுப் பார்க்கலாம் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த ருசி பிடித்துவிட்டால் 60, 80 என்று கை தானாக ஏறும். நானும் ஏற்றினேன்.

முதுநகர் துறைமுகம் பக்கம் கருவாடு விற்கும் ஆயா ஒருவரைக் காலை வெளிச்சத்தில் எடுத்தேன். அருமையான முகம். ஸ்ட்ரக்சர் 70, அதற்கு மேல் நுணுக்கங்களை இன்னும் தூக்கிக் காட்டும் எச்டிஆர் ஸ்கேப் ஃபில்டர், கறுப்பு வெள்ளை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. 8-க்கு 12 அங்குலப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்தேன். வாங்கி, புடவைத் தலைப்பால் ஒருதரம் துடைத்துப் பார்த்தார். தூசி என்று நினைத்திருக்கிறார். துடைத்தும் போகவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, நான் இவ்ளோ காஞ்சா போயிட்டேன்? என் மூஞ்சயும் கருவாடா ஆக்கிட்டியே."

எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கன்னத்தில் இருந்தவை சிரித்துச் சிரித்து விழுந்த மெல்லிய கோடுகள். நான் அவற்றைப் பாளம் பாளமாக வெடித்த ஏரித் தரையாக மாற்றியிருந்தேன். அவருடைய மூக்குத்தியின் ஒளியையும் அந்தச் சொரசொரப்பு விழுங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரிஜினலைத் திறந்தேன். இந்த முறை அது இருந்தது.

இங்கேதான் 2-ஆம் பதிப்பில் வந்த வசதி கைகொடுத்தது. நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஆப் அடுக்கடுக்காக வைத்திருக்கும். வியூ எடிட்ஸுக்குள் போய் ஸ்ட்ரக்சர் அடுக்கைத் தொட்டு, தூரிகைப் படத்தை அழுத்தினால், அந்த மாற்றம் எங்கெங்கே வேண்டும் என்று விரலாலேயே தீட்டலாம். அளவை 25, 50, 75, 100 என்று வைத்துக்கொள்ளலாம், 0 வைத்தால் அழிக்கும். ஆயா படத்தில் மூங்கில் கூடைக்கும் தராசுத் தட்டுக்கும் 100 கொடுத்தேன். கைவிரல்களுக்கு 50. முகத்தில் தொடவே இல்லை. மூக்குத்தியில் மட்டும், தொட்ட இடத்தை மட்டும் மாற்றும் செலக்டிவ் புள்ளி ஒன்றை வைத்து வெளிச்சத்தைத் துளி ஏற்றினேன். கறுப்பு வெள்ளையை எடுத்துவிட்டேன், ஏனென்றால் அவர் கட்டியிருந்த அரக்குப் புடவை படத்தில் பாதி அழகு. இரண்டாவது பிரிண்டை வாங்கியவர் எதையும் துடைக்கவில்லை. பணப்பையில் வைக்க முடியாத அளவாக இருக்கிறதே, சின்னதாக ஒன்று போட்டுத் தா என்றார்.

இப்போது மரத்துக்கும் சுவருக்கும்கூட ஸ்ட்ரக்சர் 30-ஐத் தாண்டுவதில்லை. முதுநகரில் ஒரு வீட்டுக் கதவு இருக்கிறது. மேலே நீலப் பெயின்ட், அது உரிந்த இடத்தில் பச்சை, அதுவும் உரிந்த இடத்தில் செங்காவி, கடைசியில் சாம்பல் பூத்த தேக்கு. நான்கு தலைமுறை தீபாவளிக்குத் தீபாவளி அடித்திருப்பார்கள் போல. இதன் மேல் ஸ்ட்ரக்சரைக் கொட்டினால் நீலமும் பச்சையும் சேர்ந்து ஒரே அழுக்காகிவிடும். நான் செய்வது: ஒயிட் பேலன்ஸை (நிறங்களின் மஞ்சள்-நீலச் சாய்வு) கையால் சரி செய்வது, டியூன் இமேஜ் கருவியில் ஆம்பியன்ஸை (படம் முழுவதும் ஒளியின் சமநிலை) கொஞ்சம் குறைப்பது, ஹைலைட்ஸை (பளிச்சென்ற இடங்கள்) இறக்குவது, பிறகுதான் ஸ்ட்ரக்சர் 20 அல்லது 25, அதுவும் உரிந்த விளிம்புகளில் மட்டும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டுவிடாதீர்கள். புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களில் அது மஞ்சளைக் குறையென்று நினைத்துக் கழுவிவிடும்.

ஆனால் எந்த ஆப்பும் தராத ஒன்று பக்கவாட்டு வெளிச்சம். வெயில் சுவரை உரசிக்கொண்டு போனால்தான் மேடு பள்ளம் நிழல் விழுந்து தெரியும். உச்சி வெயிலில் தட்டையாக எடுத்துவிட்டு ஸ்ட்ரக்சரில் மேடு பள்ளம் தேடினால் வருவது வெறும் புள்ளி இரைச்சல். நம் ஊரில் கடல் கிழக்கே, அதனால் காலை வெளிச்சம் தடையில்லாமல் வரும். கிழக்குப் பார்த்த சுவரில் அது நேராக மோதும், சொரசொரப்பு தெரியாது. தை, மாசியில் தெற்குப் பார்த்த சுவர், ஆனி, ஆடியில் வடக்குப் பார்த்த சுவர், சூரியன் ஏறிய முதல் ஒரு மணி நேரம். தேவனாம்பட்டினத்தில் புனித டேவிட் கோட்டையின் மிச்சத்தை நான் ஒழுங்காக எடுத்ததே இதைக் கண்டுகொண்ட பிறகுதான். 1690-இல் மராத்தியரிடம் ஆங்கிலேயர் வாங்கிய கோட்டை, 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தது. இன்று செடி மண்டிக் கிடக்கும் செங்கல்தான். பகல் பதினொரு மணிக்கு அது வெறும் கட்டட இடிபாடாகத் தெரியும். காலை ஆறே முக்காலுக்கு ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அந்தப் படத்துக்கு ஸ்ட்ரக்சர் 10 போதுமாக இருந்தது.

போனில் அந்த வசதி இருந்தால் ரா (RAW) வடிவில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக எடுங்கள். வழக்கமான ஜேபிஇஜி (JPEG) கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 10 பிட் ராவில் 1024. நிழல் விழுந்த தாழ்வாரத்தையோ படகின் அடிவயிற்றையோ வெளிச்சமாக்கும்போது இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ரா கோப்பின் ஒரு வகையான டிஎன்ஜியை (DNG) ஸ்னாப்சீட் திறக்கும், அது போதும். சேமிக்கும் தரத்தை அமைப்பில் 100% ஆக்கிவிடுங்கள்.

கற்பனையாகச் செய்ய வேண்டுமென்றால், ஒரு படத்தின் மேல் இன்னொன்றைச் சேர்க்கும் டபுள் எக்ஸ்போஷர். உப்புப் பூத்த ஒரு சுவரைத் தனியே எடுத்து, கரையேறிய படகின் மேல் ஓவர்லேயாகப் போட்டேன். படகின் பலகையில் உப்பு படர்ந்தது போல, அலை வந்து காய்ந்தது போல ஒரு தோற்றம் வந்தது. நான் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: மேலே போடும் சொரசொரப்பு நானே இந்த ஊரில் எடுத்ததாக இருக்க வேண்டும், படத்தோடு "இரண்டு படம் சேர்த்தது" என்று எழுதிவிட வேண்டும். இணையத்தில் இறக்கிய எந்த ஊர்ச் சுவரையோ நம் படகின் மேல் ஒட்ட மனசு வரவில்லை.

ஹீலிங் கருவி பற்றியும் சொல்ல வேண்டும். கேபிள் வயர், மீட்டர் பெட்டி, போஸ்டர் எல்லாவற்றையும் துடைத்துவிடும், சின்ன இடமென்றால் சுத்தமாக. நான் நிறுத்திவிட்டேன். மீட்டர் பெட்டி இருக்கும் வீட்டில்தான் ஆள் குடியிருக்கிறார்கள்.

யாருக்கு இது போதாது? நூற்றுக்கணக்கில் படங்களை வகைப்படுத்தி வைப்பவர்களுக்கும், பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு நிறம் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கும் கம்ப்யூட்டரில் டார்க்டேபிள், கிம்ப் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசமாகவே இருக்கின்றன. நானும் பிரிண்டுக்கு முன் கிம்ப்பில் ஒருதரம் திறந்து பார்ப்பேன். 12 மெகாபிக்சல் படம் 4000-க்கு 3000 புள்ளி, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 13-க்கு 10 அங்குலம் வரை தாராளமாக வரும். போன் திரையில் பார்ப்பதைவிடப் பிரிண்ட் இருட்டாகத்தான் விழும், அதனால் நிழல்களை ஒரு பிடி ஏற்றியே கொடுக்கிறேன்.

அந்த நீலக் கதவு இருக்கும் வீட்டை இடிக்கப் போவதாகப் போன வாரம் தெருவில் சொன்னார்கள். அதன் பக்கச் சுவர் தெற்குப் பார்த்தது. தை வரை விட்டு வைத்திருந்தால் ஒரு காலை போய் ராவில் எடுத்துவிட வேண்டும். இதுவரை நான் அங்கே எடுத்ததெல்லாம் ஜேபிஇஜிதான்.