செம்மறிப் பட்டிக்கு நிழல்வலை: ஒரு கோடையும் ஒரு மாரியும்

75 வீத நிழல் தரும் பச்சை நிழல்வலையைச் சென்ற வைகாசியில் கிளிநொச்சிக் கடையொன்றில் 30 அடி நீளம், 10 அடி அகலத்தில் வெட்டி வாங்கி, எங்கள் பட்டியில் நிற்கும் 23 செம்மறிகளுக்காகக் கட்டினேன்.

முதலில் அதை ஆறடி உயரத்தில் இழுத்துக் கட்டியது என் பிழை. வலைக்கடியில் வெக்கை தேங்கியதால் மறிகள் அங்கே நிற்காமல் வெட்டவெளியில் ஒன்றின் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு மூச்சிரைத்தன. நிழல் போதாதபோது செம்மறிகள் செய்வது இதுதான். கம்புகளை மாற்றிப் பத்தடிக்கு உயர்த்தி, நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருக்கும்படி திருப்பிய பின்னர், காற்று ஊடே போனது. நிழலும் காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நகர, மந்தையும் அதனோடு நகர்ந்து படுத்து அசைபோட, நடுவிலிருந்த மூத்திர ஈரம் வெயிலில் காய்ந்தது. ஆயினும் அவிழ்த்துவிட்டால் அவை நேரே பாலை மரத்தடிக்கே போகின்றன. இலைகள் நீராவியை வெளிவிட்டுத் தரும் குளிர்ச்சியை எந்த வலையும் தராது.

"மழைக்கும் இதுவே போதும்" என்று கடைக்காரர் சொன்னதை நான் நம்பியிருக்கக்கூடாது. ஐப்பசி மழையை வலை தடுக்கவில்லை. பெருந்துளியைச் சிறுதுளியாக்கியது, அவ்வளவுதான். நம் நாட்டுச் செம்மறிக்கு அடர்ந்த கம்பளி கிடையாது. நனைந்த உடலில் வாடைக்காற்றுப் பட்டால், அதிலும் குட்டிகளுக்கு, உடற்சூடு விரைந்து இறங்கும். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வன்னியில் மாடுகளும் ஆடுகளும் செத்து விழுந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை.

ஆகவே மாரிக்குக் கிடுகுக் கூரை போட்டு, வலையைக் கழற்றி வடகிழக்குப் பக்கத்தில் மறைப்பாகத் தொங்கவிட்டேன். தகரம் அடித்தால் காற்று மேலே ஏறி மறுபக்கம் சுழன்று விழும். வலையோ அதை ஊடே விட்டு வேகத்தைக் குறைக்கிறது. மந்தை இரவில் அந்த மறைப்பையொட்டியே படுத்தது. மற்றப் பக்கங்களைத் திறந்தே விட்டேன், மூடினால் மூத்திர நெடியில் இருமல் வரும்.

குறையென்றால் ஓரம்தான். மடித்துத் தைக்காமல் கம்பியால் கட்டிய இடமெல்லாம் சோளகக் காற்றில் பிரிந்தது. பக்கத்து வீட்டு வெள்ளாடுகள் அதை மென்றும் பார்த்தன. செம்மறிகளுக்கு அந்தத் துடுக்கு இல்லை.